விடுபட்ட படிக்கு ஒரு பூஜ்ஜியம்

ஜூலை 8, திங்கள்

அடுக்களையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். எழுதுவது ஏழாம் வகுப்பு வரலாற்று நோட்டின் பின்பக்கத்தில். அதை இனி யாரும் திறக்கப் போவதில்லை. அம்மா கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. படித்தால் நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்பாள்.

கணக்குக்குப் புது டீச்சர் வந்திருக்கிறார். மரகதவல்லி டீச்சர். மாற்றலாகி வந்தவர் என்பதால் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் யாரையும் தெரியாது. முதல் வேலையாக ஒவ்வொருத்தியையும் எழுந்து பெயர் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது எழுந்துதான் நின்றேன். கனிதான் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"டீச்சர், இவ பேரு பரமேஸ்வரி. இவளுக்குத் தொண்டை சரியில்ல."

"தொண்டை அவளுக்கா உனக்கா?" என்று டீச்சர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

பிறகுதான் அந்த விதியைச் சொன்னார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தினமும் இரண்டு மூன்று பேர் கரும்பலகைக்கு வர வேண்டும். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். "கை எழுதுறது காதுக்குக் கேக்கணும். முடிச்சதும் 'சந்தேகம் இருக்கா'ன்னு கிளாஸப் பாத்துக் கேக்கணும். சந்தேகத்தத் தீத்துட்டுதான் உக்காரணும்."

முன்பு இருந்த சார் என்னை ஒரு நாளும் எழுப்பியதில்லை.

எனக்குக் கணக்கு என்றால் பயம். அவ்வளவுதான்.

ஜூலை 9, செவ்வாய்

தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று கனி சொன்னாள். "வெந்நி குடி" என்றார் டீச்சர்.

ஜூலை 11, வியாழன்

பல்லுறுப்புக் கோவைகளைக் காரணிப்படுத்துவது ஆரம்பமாகிவிட்டது. மூன்றாம் படிக் கோவை ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அது எந்தெந்தச் சின்னக் கோவைகளைப் பெருக்கி வந்தது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். தொகுமுறை வகுத்தல் என்று ஒரு வழி. x எல்லாவற்றையும் விட்டுவிட்டு முன்னால் நிற்கும் எண்களை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்வது. இடப்பக்கம் ஒரு எண்ணை நிறுத்தி, முதல் எண்ணை இறக்கி, பெருக்கி, அடுத்ததோடு கூட்டி, மறுபடி பெருக்கி, மறுபடி கூட்டிக்கொண்டே கடைசி வரை போக வேண்டும். கடைசியில் பூஜ்ஜியம் விழுந்தால் நிறுத்திய எண் சரி. ஒரு காரணி கிடைத்துவிட்டது. விழாவிட்டால் வேறு எண்.

வீட்டுப்பாடத்தில் x³ − 4x² − 7x + 10 இருந்தது. எண்களைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்று, மைனஸ் நான்கு, மைனஸ் ஏழு, பத்து. மொத்தம் பூஜ்ஜியம். கூட்டுத்தொகை பூஜ்ஜியம் என்றால் 1 கட்டாயம் சரியாக வரும். போட்டேன், வந்தது. மிஞ்சியது x² − 3x − 10. அதைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, (x − 5)(x + 2).

அந்தக் கடைசிக் கட்டத்தில் பூஜ்ஜியம் விழுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. பயிற்சியில் மிச்சமிருந்த எட்டையும் போட்டுவிட்டேன். அம்மா ஒருமுறை புரண்டு படுத்தாள். விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பெல்சியா இன்று கரும்பலகையில் போட்டாள். அவள்தான் வகுப்பில் முதல். கையும் வாயும் ஒரே வேகத்தில் போயின. "சந்தேகம் இருக்கா?" என்றபோது யாருக்கும் இருக்கவில்லை. அவளிடம் சந்தேகம் கேட்டால் "இது கூடவா தெரியாது" என்பாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜூலை 13, சனி

அம்மா கடுகு வாங்கக் கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் செல்லையா அண்ணாச்சி நல்லவர்தான். நல்லவர் என்பதால் நான் முடிப்பதற்குள் அவரே முடித்துவிடுவார்.

"க..." என்றேன்.

"கடலப்பருப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கருப்பட்டி? கசகசா? நல்லாச் சொல்லு தாயி, அவசரமில்ல." பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அவர்களில் ஒரு அக்கா எனக்காகத் தன் உதட்டையே அசைத்துக்கொண்டிருந்தாள். நான் கருப்பட்டிக்குத் தலையாட்டிவிட்டேன்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தானே போய்க் கடுகு வாங்கி வந்தாள். சாயந்திரம் கருப்பட்டிக் காப்பி போட்டாள். அப்பா பஸ்ஸிலிருந்து வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றார். மினி பஸ்ஸில் கண்டக்டராக நாளெல்லாம் கத்திவிட்டு வருவதால் ராத்திரியில் அப்பாவின் குரல் பாதிதான் இருக்கும். இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். வீடு முழுக்க நல்ல வாசனை.

எனக்குச் சில நாள் தொண்டை இப்படித்தான் இருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

நானே கோவை செய்யக் கற்றுக்கொண்டேன். நான்கு சின்ன அடைப்புகளை எடுத்து ஒன்றோடொன்று பெருக்கினால் நான்காம் படிக் கோவை ஒன்று வருகிறது. விரித்து எழுதியதை மட்டும் ஒரு துண்டுத்தாளில் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். மறுநாள் வேறு யாரோ கொடுத்ததுபோல அதை எடுத்து உடைக்கிறேன். நேற்று செய்ததை இன்று துணி காயப்போடும்போது மனசுக்குள்ளேயே உடைத்துவிட்டேன். கையில் ஈரப் பாவாடையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று கனியின் முறை. டீச்சர் பாடப்புத்தகத்தில் இல்லாத நான்காம் படிக் கணக்குகள் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கனிக்கு வந்ததில் x² உறுப்பே இல்லை. அவள் அதைக் கவனிக்காமல் இருக்கிற எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போனாள்.

"நில்லு. எல்லாப் படியும் வந்துருக்கா, பாரு."

"x ஸ்கொயர் வரல டீச்சர்."

"ஆளு வரலன்னா பெஞ்சயே தூக்கிட்டுப் போயிருவீங்களா? அந்த எடத்துல என்ன போடணும்?"

"சைபர் டீச்சர்."

"பரிச்சையில சைபர்னா எழுதுவ? புஸ்தகத்துல என்ன போட்டுருக்கோ அதச் சொல்லு. சைபர், முட்டை, ஜீரோ எதுவும் இங்க வேண்டாம்."

"பூஜ்ஜியம்" என்றாள் கனி. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

எனக்கும் சைபர்தான் நம்பிக்கையாக இருந்தது. இன்றோடு போய்விட்டது.

வெளியே வரும்போது கனி சொன்னாள். "ஏட்டி, ஒன் மொறைக்கு நான் கூட வந்து நிக்கேன். நீ எழுது, நான் சொல்லிக்கிடுதேன்." அவள் அப்படித்தான். இரண்டாம் வகுப்பிலிருந்து என் பெயர், என் வீட்டு விலாசம், எனக்குத் தண்ணீர் வேண்டுமென்பது, எல்லாவற்றையும் அவள்தான் சொல்லி வருகிறாள். சில நேரம் எனக்கு வேண்டாததையும் சொல்லிவிடுவாள்.

ஜூலை 17, புதன்

மொகரம் விடுமுறை. காலையில் தண்ணீர் வந்தது, எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். அரைக்க ஊறப்போட்டேன். பிறகு மாடிக்குப் போய்த் துணிக்கொடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். தனியாக இருக்கும்போது எல்லாச் சொல்லும் வந்துவிடுகிறது. அதுதான் யாருக்கும் புரியாது.

இந்தப் பாடத்தை எழுதியவர்கள் என்னை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். பல்லுறுப்புக் கோவை, படி, பெருக்கல், பூஜ்ஜியம். கெழு, காரணி, கூட்டல், கழித்தல். எனக்கு ஆகாத எழுத்துகள் இரண்டே இரண்டு, ப-வும் க-வும். ஒன்றில் உதடு ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றில் தொண்டை பூட்டிக்கொள்ளும். பாடம் முழுக்க அவை இரண்டும்தான். மைனஸ் நல்ல சொல். மீதி நல்ல சொல். எண்களில் பத்து வராமல் இருந்தால் போதும்.

ஜூலை 19, வெள்ளி

இன்று முத்துலட்சுமி வரை முடிந்தது. நான்காம் படிக் கணக்கு இப்போது எனக்குச் சோறு தின்பதுபோல ஆகிவிட்டது. எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒரு ராத்திரியும் பூஜ்ஜியம் போட மறந்ததில்லை.

ஜூலை 22, திங்கள்

நாளைக்கு நான்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "கனி எல்லாத்தயும் சொல்லிட்டா" என்றாள். நான் தலையைத் தூக்கவில்லை.

"நான் வந்து டீச்சர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன். எம் பிள்ளைக்குத் திக்கும், போர்டுக்குக் கூப்பிடாதீங்கன்னு. போன சார்ட்ட அப்படித்தான சொன்னேன். அவரு ஒரு நாளாவது எழுப்புனாரா?"

அந்தச் சொல்லை நான் இந்த நோட்டில் எழுத வேண்டாம் என்று இருந்தேன். அம்மா சொன்னதால் எழுதிவிட்டேன்.

அப்பா இருமிக்கொண்டே சொன்னார். "பஸ்ஸுல ஏறுறவன்ல பாதிப் பேரு ஊரு பேர முழுசாச் சொல்லுததில்ல. நான் டிக்கெட்டு குடுக்காமலா இருக்கேன்?"

"நீங்க சும்மா இருங்க. அவ படுத பாடு எனக்குல்லா தெரியும்."

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். எதை வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா வந்து சொல்லிவிட்டால் வருஷம் முழுக்க நிம்மதி. பத்தாம் வகுப்பிலும் வந்து சொல்வாள். பன்னிரண்டிலும் சொல்வாள்.

ஜூலை 23, செவ்வாய்

சாப்பாட்டு மணிக்கு முந்தைய பாடவேளை. எனக்கு முன்னால் போனவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். அதனால் எனக்கு வராமலே மணி அடித்துவிடும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

டீச்சர் எழுதியது: x⁴ − 25x² + 60x − 36.

x³ இல்லை. பார்த்தவுடனே தெரிந்தது. எண்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம், அதனால் 1 சரியாக வரும். அதுவும் தெரிந்தது. வகுப்பில் யாரும் பேனாவை எடுப்பதற்குள் எனக்குப் பாதிக் கணக்கு முடிந்துவிட்டது.

"ஒன்று" என்று சொல்லி எழுதினேன். நன்றாக வந்தது.

அடுத்தது வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. சாக்கட்டியைப் பலகையில் வைத்தபடியே நின்றேன். பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், கனி "ஏய்" என்று அதட்டினாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அண்ணாச்சி மாதிரி எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"மைனஸ் இருபத்தைந்து" என்றேன். எழுதினேன். அறுபது. மைனஸ் முப்பத்தாறு. 1 நிறுத்தி வகுத்தேன். கடைசியில் மீதி வரவில்லை, சரியாகப் போனது. x² − 24x + 36 என்று எழுதி நின்றேன். அதற்கு மேல் அது உடையாது.

பெல்சியா கையைத் தூக்கினாள். "டீச்சர், நாலாம் படில ஒண்ணு போனா மூணாம் படில்லா வரணும்? ரெண்டாம் படில்லா வந்துருக்கு."

மணி அடித்தது.

"யாரும் அழிக்கக் கூடாது. அப்படியே இருக்கட்டும்" என்றார் டீச்சர். என்னிடம், "நாளைக்கு அடுத்த ஆளு ராஜாத்தி. அவ திருத்தட்டுமா, நீயே வாரியா? நாளைக்கு வந்து சொல்லு" என்றார்.

பூஜ்ஜியம் போட மறந்துவிட்டது. அவ்வளவுதான்.

கைகழுவும் இடத்தில் கனி எனக்காகச் சண்டை போட்டாள். "அவளுக்குத் தெரியும்ட்டி. சொல்லத்தான் வராது."

"தெரிஞ்சா எழுதிருப்பால்லா" என்றாள் பெல்சியா. கோபமாகச் சொல்லவில்லை. சோற்று டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "பூஜ்ஜியம் போடணும்னு டீச்சர் ஒனக்கே சொன்னாங்க. அவ கவனிக்கல போல."

திக்குவாய் என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். கணக்குத் தெரியாதவள் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. சாப்பிடும்போது, புத்தகம் அடுக்கும்போது, இப்போது எழுதும்போது கூட அதேதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. கிரைண்டர் மேல் விரலால் அந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். 1, 0, −25, 60, −36. எல்லாம் உடைந்து நான்கு துண்டாக விழுந்தது. அழகான கணக்கு.

ஜூலை 24, புதன்

காலையில் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள். கையில் குடை. அப்பா ஏற்கெனவே முதல் டிரிப்புக்குப் போய்விட்டார்.

"வா, போவோம்."

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அம்மா என் வாயைப் பார்த்தாள். அவளுக்கும் அண்ணாச்சி பழக்கம் உண்டு. "பயமா இருக்கா? பசிக்கா? பையை எடுத்துக்கிடட்டுமா?" நான் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். கடைசியில் அவள் நிறுத்திக்கொண்டாள். குடையைச் சுவரில் சாய்த்தாள்.

"எனக்குக் க... க... கணக்குத் தெரியும்மா" என்றேன்.

அம்மா சேலையை மாற்றவில்லை. அதே சேலையோடு எனக்கு டப்பா கட்டிக் கொடுத்தாள்.

பாடவேளை தொடங்கியதும் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன். நேற்றைய கணக்கு பலகையில் அப்படியே இருந்தது.

"ஏன் வுட்டுப் போச்சு?" என்று கேட்டார்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ம-வில் எனக்குக் கஷ்டமே கிடையாது. பெல்சியா முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும் டீச்சர். சொல்ல வரல."

"அப்பம் சொல்லு. மணி அடிக்க நேரம் கிடக்கு."

நேற்றைய வரியை அழித்தேன். ஒன்று. பிறகு உதட்டை மூடினேன், திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்பெஞ்சில் சிரிப்பு ஆரம்பித்து, நீண்டு, தானாகவே அலுத்து நின்றுபோனது. கனிக்குத் தாங்கவில்லை.

"பூஜ்ஜியம், டீச்சர்" என்றாள்.

"கனி, உம் மொறை முடிஞ்சிட்டு."

பாதி வந்தது. நின்றது. விட்ட இடத்திலிருந்து சொல்ல முடியாது, எப்போதும் முதலிலிருந்துதான். மறுபடி ஆரம்பித்தேன். பூ, பூ, பூ என்று அது வந்தது. வந்தபோது சத்தமாக வந்துவிட்டது, பக்கத்து வகுப்புக்கே கேட்டிருக்கும். எழுதினேன்.

மற்றதெல்லாம் கொஞ்சம் பரவாயில்லை. 1-ஐ நிறுத்தினேன், மீதி பூஜ்ஜியம். கிடைத்த மூன்றாம் படியில் 2-ஐ நிறுத்தினேன், மறுபடி பூஜ்ஜியம். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் நின்று நின்றுதான் வந்தது. மிஞ்சியது x² + 3x − 18. நான்கு காரணிகளையும் கீழே ஒரே வரியில் எழுதினேன்: (x − 1)(x − 2)(x − 3)(x + 6). சாக்கட்டித் தூளைப் பாவாடையில் துடைத்தேன்.

"சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். அது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. போதும் பாவம், உட்காரட்டும் என்று எல்லார் முகத்திலும் தெரிந்தது. நான் பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்றாள் பெல்சியா. "நேத்து பூஜ்ஜியம் போடல. தப்பு. ஆனா கடைசில மீதி ஒண்ணும் வரலியே. தப்பாப் போட்டா மீதி வரணும்லா? அது எப்படி?"

டீச்சர் பதில் சொல்வார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது புத்தகத்தில் இல்லை, மாடியில் சொல்லிப் பார்த்த சொற்களிலும் இல்லை. நானே வாக்கியம் வாக்கியமாகச் செய்ய வேண்டும். 1-ஆல் பெருக்கினால் எந்த எண்ணும் மாறாது. அதனால் 1-ஐ நிறுத்தி வகுப்பதென்றால், கடைசிக் கட்டத்தைப் பொறுத்தவரை, வரிசையில் உள்ள எண்களை எல்லாம் கூட்டுவதுதான். நடுவில் ஒரு பூஜ்ஜியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டுத்தொகை ஒன்றே. ஆகவே மீதி நம்மை ஏமாற்றிவிடும். 2-ஐ நிறுத்தினால் ஏமாற்றாது, அங்கேயே மாட்டிக்கொள்வோம்.

இங்கே எழுத நாலு வரி. அங்கே சொல்ல அதைப்போலப் பத்து மடங்கு ஆனது. பெருக்கினால், கூட்டுவது, கடைசி, பூஜ்ஜியம், கூட்டுத்தொகை, ஒவ்வொன்றிலும் ஏறி ஏறி இறங்கினேன். வேறு சொல் தேடவில்லை. தேடினால் கணக்கு தப்பிவிடும்.

சொல்லி முடித்தபோது மணி அடித்தது.

பெல்சியா எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "அந்த ரெண்டப் பத்தி சொன்னது எனக்குப் புரியல. இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

இதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பலகையில் ஓர் ஓரத்தைத் துடைத்துவிட்டு, பூஜ்ஜியம் இல்லாத வரியை எழுதி, 2-ஐ நிறுத்தி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்டது என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். கனி கூட எனக்குத் தண்ணீர் பிடிக்கிறேன் என்று போய்விட்டாள். டீச்சர் எப்போது எழுந்து போனார் என்று நான் பார்க்கவில்லை.

பெல்சியா போகவில்லை. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "ம், பொறவு?" என்றாள்.